போர் ஓயுமுன்: இறுதி நாட்களின் மரணமும் இலக்கியமும்

வில்பிரட் ஓவன் என்னும் ஆங்கிலக் கவிஞரைப் பற்றி எழுதுவோரும் கற்பிப்போரும் ஒரு செய்தியைக் கூறாது விடுவதில்லை. 1918 நவம்பர் 4ஆந் திகதி காலையில், பிரான்சின் வடபகுதியிலுள்ள ஓர்ஸ் என்னும் சிற்றூரின் அருகே, சாம்பர்–உவாஸ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. ஏழு நாள் கழித்து, நவம்பர் 11ஆந் திகதி, முதலாம் உலக மகாயுத்தம் ஓய்ந்தது. அன்று நண்பகலில் ஷ்ரூஸ்பரி நகரத்து ஆலயமணிகள் வெற்றியை அறிவித்து ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், மகன் இறந்த செய்தியைத் தாங்கிய தந்தி அவருடைய பெற்றோர் கையிற் கிடைத்தது.

இச்செய்தியை யானும் பல ஆண்டுகளாக வகுப்பிற் கூறி வந்தேன். கூறியவுடன் வகுப்பு அமைதியுறும். மணியோசையும் தந்தியும் ஒருங்கே வந்து சேர்ந்த அந்த நண்பகலைக் கேட்டபின் பாடலை விளக்குவது எளிதாகிவிடும். மாணாக்கரின் நெஞ்சம் முன்னரே நெகிழ்ந்திருக்கும். சில காலத்துக்கு முன் மாணவர் ஒருவர் எழுந்து, “சேர், இவர் ஒரு வருசம் முந்திச் செத்திருந்தால் நாங்கள் இவ்வளவு கவலைப்படுவமோ?” என்று வினவினார். அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. பாடவேளை முடிந்ததைக் காரணமாகக் கொண்டு வகுப்பை விட்டு வெளியேறினேன். இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்திக் கூறப்படும் விடையாகும்.

வினா எளியதுபோலத் தோன்றினும் அதனுள் ஒரு குற்றச்சாட்டு மறைந்து கிடக்கிறது. ஏழு நாளில் ஓயவிருந்த போரில் இறந்தவருக்காக நாம் வருந்தும்போது, நம் வருத்தத்தின் பெரும்பகுதி அந்த ஏழு நாள் என்னும் அளவையைப் பற்றியே நிற்கிறது. இன்னுஞ் சிறிது பொறுத்திருந்தால் தப்பியிருப்பாரே என்கிறோம். அவ்வாறாயின், 1916ஆம் ஆண்டிற் சொம் ஆற்றுப் போரில் இறந்தவன் உரிய காலத்தில் இறந்தானா? போர் ஓய்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தமையால் அவனுடைய மரணம் முறையானதாகிவிடுமா? இதனை எவரும் வாய்விட்டுக் கூறார். ஆயினும், இறுதி நாள் மரணத்தை மாத்திரந் தனியே எடுத்து அவலத்தின் உச்சமாகக் காட்டும் நம் வழக்கம் இக்கருத்தையே சொல்லாமல் ஒப்புக்கொள்கிறது.

போரின் இறுதி நாட்கள் எத்தகையன என்பதை நூல்களிலிருந்து மட்டுமே அறிய வேண்டிய நிலையில் நம் மாணாக்கர் இல்லை. அவருட் பலருடைய வீடுகளில் அந்நாட்கள் இன்னும் பேசி முடியாத செய்திகளாகவே உள்ளன. ஆதலின் அம்மாணவரின் வினா நமக்குத் தொலைதேசத்து வினாவன்று. ஆயினும் இக்கட்டுரையில் யான் ஆராயப் புகுவது 1918ஆம் ஆண்டின் இறுதி நாட்களையும், அவற்றைப் பொருளாகக் கொண்ட இலக்கியத்தையுமேயாம். இறுதி நாட்களின் வன்முறையைக் காட்டப் புகும் எழுத்தாளர் இரு தவறுகளுக்கு ஆளாதல் கூடும். ஒன்று, அதனை விதியின் விளையாட்டாகக் காட்டுதல். மற்றையது, அதனை ஒரு கொடியவனின் தனிச்செயலாகக் காட்டுதல். இவ்விரண்டிலும் அகப்படாத எழுத்தே இறந்தவர்க்கு நீதி செய்கிறது என்பது என் துணிபு.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1918 செப்தெம்பர் மாத முடிவிலேயே, போரை நிறுத்துதல் வேண்டும் என்று ஜேர்மன் இராணுவத் தலைமை தன் அரசுக்கு அறிவித்துவிட்டது. ஒக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஜேர்மன் அரசு வேண்டுகோள் விடுத்தது. அம்மாதம் முழுவதும் பேர்லினுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே கடிதங்கள் சென்றும் வந்தும் கொண்டிருந்தன. நவம்பர் 8ஆந் திகதி காலையில், கொம்பியேன் காட்டில் நிறுத்தப்பட்டிருந்த புகைவண்டிப் பெட்டியொன்றில், மத்தியாஸ் எர்ஸ்பேர்கர் தலைமையில் வந்த ஜேர்மன் தூதுக்குழுவினர் நேசநாட்டுப் படைகளின் பெருந்தளபதியான மார்ஷல் போஷைச் சந்தித்தனர். நிபந்தனைகளை ஏற்பதற்கு 72 மணித்தியாலம் அளிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலேனும் சண்டையை நிறுத்தும்படி எர்ஸ்பேர்கர் வேண்டினார். போஷ் மறுத்துவிட்டார்.

11ஆந் திகதி விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் ஒப்பந்தங் கைச்சாத்தாயிற்று. கைச்சாத்திட்டு ஆறு மணித்தியாலங் கழிந்த பின்னரே தரையிலும் வானிலும் சண்டை நிற்கும் என்று அதன் முதலாம் விதி கூறிற்று. செய்தி போர்முனை வரை சென்று சேர்வதற்கு அவகாசம் வேண்டியிருந்தது உண்மையே. ஆயினும், செய்தி சென்று சேர்ந்த இடங்கள் எல்லாவற்றிலும் சண்டை நின்றுவிடவில்லை. அன்று ஒருநாளில் மட்டும் இருதரப்பிலும் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோருமாக ஏறத்தாழ 11,000 பேர் என்றும், அவருள் இறந்தோர் 2,700 பேருக்கு மேற்பட்டோர் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். அமெரிக்கப் படைப்பிரிவொன்றின் தளபதி ஸ்தெனே என்னும் பட்டினத்தை அன்று காலையிற் கைப்பற்றச் செய்தார். நெடுநாள் களத்தில் நின்று அழுக்கேறிய வீரர்கள் நீராடுவதற்கு அங்கே வசதியுண்டு என்பது அவர் கூறிய காரணமாகும். அதன் பொருட்டு 300 பேருக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ போயினர். மூஸ் ஆற்றுப் பகுதியில் ஹென்றி கந்தர் என்னும் அமெரிக்க வீரர் ஜேர்மன் இயந்திரத் துப்பாக்கி நிலையொன்றை நோக்கி ஓடினார். போர் முடியப்போவதை அறிந்திருந்த ஜேர்மன் வீரர்கள் அவரைத் திரும்பிப் போகுமாறு கைகாட்டினர். அவர் நிற்கவில்லை. அவர் சுடப்பட்டு இறந்த நேரம் முற்பகல் 10 மணி 59 நிமிடம் என்று பதிவாகியுள்ளது. பின்னர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று இறுதி நாளின் இழப்புக்கள் பற்றித் தளபதிகளை விசாரித்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவற்றுள் விதியின் பங்கு யாது? 72 என்பதும் ஆறு என்பதும் மேசையருகே இருந்த மனிதர் எழுதிய எண்கள். போஷ் மறுத்ததற்கும் காரணம் உண்டு. அழுத்தங் குறைந்தால் எதிரி மீண்டும் படைகளை ஒழுங்கு செய்துகொள்வான் என்று அஞ்சினார். அவர் அஞ்சியது நியாயமா, அன்றா என்று வாதிடலாம். வாதிடக்கூடிய ஒன்று மனிதரின் தீர்மானமேயன்றி விதியன்று. தந்தியும் மணியோசையும் ஒன்றாய் வந்தமை தற்செயல் ஆகலாம். நவம்பர் 4ஆந் திகதி கால்வாயைக் கடக்க வேண்டும் என்ற ஆணை தற்செயலன்று. நம் கண்ணீரை முன்னதன்மேற் செலுத்தும் ஆசிரியர் பின்னதை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறார்.

இறுதி நாள் மரணத்தை மறைப்பதற்கு வேறொரு வழியும் இருந்தது. ஒகுஸ்தென் திரெபுஷோன் என்னும் பிரெஞ்சு வீரர் மூஸ் ஆற்றங்கரையில், 11 மணிக்குச் சில நிமிடங்களே இருந்தபோது கொல்லப்பட்டார். சண்டை நின்றபின் 11.30க்குச் சூடான உணவு வழங்கப்படும் என்ற செய்தியை அவர் எடுத்துச் சென்றுகொண்டிருந்தார் என்பர். அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்ட திகதி 1918 நவம்பர் 10. அன்று இறந்த பிரெஞ்சு வீரர் பிறருக்கும் இவ்வாறே முதல்நாட் திகதி பதியப்பட்டது. வெற்றித் திருநாளில் எவரும் இறந்திருத்தல் தகாது என்பதுபோலப் பதிவேடு ஒருநாளைப் பின்னே தள்ளிவிட்டது.

அரசின் ஏடு இவ்வாறு திகதியை மாற்றுமாயின் இலக்கியம் யாது செய்தல் வேண்டும்? இவ்விடத்தில் முதற்கண் எண்ணத்தக்கது எரிக் மரியா றெமார்க் என்னும் ஜேர்மன் ஆசிரியர் 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட நாவலாகும். மேற்கிலே புதிதாக ஒன்றுமில்லை என்பது அதன் பெயரின் பொருள். கதைத் தலைவனான போல் பொய்மர் தன் ஆசிரியர் ஒருவரின் வீராவேசப் பேச்சால் உந்தப்பட்டு வகுப்புத் தோழரோடு படையிற் சேர்ந்தவன். (ஆசிரியராகிய நாம் அந்நாவலை அமைதியாகப் படிக்க முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.) அத்தோழர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். நூல் முழுவதையும் போல் தானே, தன்மையிடத்தில் நின்று, நிகழ்காலத்திற் கூறிச் செல்கிறான். இறுதியில் வரும் சிறு பகுதி மட்டும் படர்க்கையில் அமைந்துள்ளது. 1918 ஒக்டோபரில் ஒருநாள் அவன் வீழ்ந்தான் என்றும், போர்முனை முழுவதும் அமைதியாயிருந்த அந்நாளைக் குறித்து இராணுவ அறிக்கை ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிட்டது என்றும் பெயரற்ற ஒரு குரல் கூறுகிறது. அவ்வொற்றை வாக்கியமே நூலின் பெயருமாகும்.

இம்முடிவின் நுட்பம் இரண்டு. முதலாவது, தன்மை படர்க்கையாக மாறுதல். இதுகாறும் ‘நான்’ என்று பேசியவன் ‘அவன்’ ஆகிவிடுகிறான். இலக்கணத்தில் ஓர் இடமாற்றம். வாசகனுக்கோ ஒரு மனிதனின் மறைவு. இரண்டாவது, ஆசிரியர் தெரிந்தெடுத்த திகதி. றெமார்க் விரும்பியிருந்தால் தன் தலைவனை நவம்பர் 11ஆந் திகதி 10.59க்குக் கொன்றிருக்கலாம்; வரலாறு அதற்கு இடங்கொடுத்தது. அவர் தெரிந்துகொண்டதோ ஒக்டோபர் மாதம், அதிலும் பெயர் கூறப்படாத ஒருநாள், அதிலும் ஒன்றும் நிகழாத நாள். கடிதங்கள் சென்று வந்துகொண்டிருந்த மாதம் அது. சண்டை உக்கிரமடைந்திருந்தமையால் அவன் இறந்தான் என்று கூற இயலாது. போர்நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் இருந்தமையால் அவன்மீது இரக்கங் கொள்கிறோம் என்றும் கூற இயலாது. கடிகாரத்தைப் பார்க்கும் வாய்ப்பையே ஆசிரியர் நமக்கு மறுத்துவிட்டார். எஞ்சுவது ஒரு மரணமும், அதனைச் செய்தியாகக் கருதாத ஓர் அறிக்கையுமே. பதிவேட்டுக்கு எதிரே இலக்கியம் நின்று சான்று பகரும் முறை இதுவாகும்.

நாவலிற் குறைகள் இல்லையெனக் கூறமாட்டேன். இறுதி அதிகாரங்களிற் போல் தன் தலைமுறையைப் பற்றிச் சிந்திக்கும் இடங்களில் ஆசிரியரின் குரல் பாத்திரத்தின் குரலை மேவி ஒலிக்கிறது. தலைமுறைகளைப் பற்றிய அப்பேச்சு பத்தொன்பது வயதில் அகழிக்குட் புகுந்தவன் வாய்ப்பேச்சாகத் தோன்றவில்லை. ஆயினும் அவனுடைய மூத்த தோழன் கற் இறக்கும் பகுதியை நோக்குக. காயமுற்ற தோழனைப் போல் தன் முதுகிற் சுமந்து செல்கிறான். சிகிச்சை நிலையத்தை அடைந்து இறக்கும்போதுதான், வழியிலே சிறு குண்டுத்துகளொன்று தலையிற் பாய்ந்து அவன் இறந்துவிட்டமை தெரியவருகிறது. சுமந்தவனுக்கே தெரியாமல் நிகழ்ந்த மரணம். ஆசிரியர் இங்கே ஒரு சொல்லையும் உயர்த்திப் பேசவில்லை. நூலின் உயர்ந்த பகுதிகள் இத்தகையனவே.

இந்நாவலைத் தழுவி எட்வேட் பேர்கர் இயக்கிய ஜேர்மன் திரைப்படம் 2022இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதன் காட்சியமைப்பும் ஒலியமைப்பும் பாராட்டுக்குரியன. எர்ஸ்பேர்கரின் புகைவண்டிப் பேச்சுவார்த்தையையும் அகழியையும் மாறிமாறிக் காட்டிச் செல்லும் முறை, தீர்மானிப்போருக்கும் இறப்போருக்கும் இடையேயுள்ள தொலைவை நன்கு உணர்த்துகிறது. நாவலில் இல்லாத இப்பகுதி நல்லதொரு சேர்க்கை என்றே கொள்வேன். ஆனால் முடிவைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. திரைப்படத்திற் போல் இறப்பது நவம்பர் 11ஆந் திகதி, 11 மணிக்குச் சற்று முன்னர். தோல்வியைப் பொறாத ஒரு ஜேர்மன் தளபதி, போர்நிறுத்தத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, களைத்த வீரரை மீண்டுந் தாக்குதலுக்கு அனுப்புகிறான். அத்தாக்குதலிலே போல் கொல்லப்படுகிறான்.

றெமார்க் நம்மிடமிருந்து பறித்த கடிகாரத்தை இயக்குநர் மீண்டும் நம் கையிற் கொடுத்துவிட்டார். அதனோடு ஒரு கொடியவனையுந் தந்துவிட்டார். வரலாற்று நோக்கிலும் இது பொருந்தாது. அந்நாளில் ஜேர்மன் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. முன்னேறித் தாக்கும் ஆணைகள் பெரும்பாலும் வெல்லும் தரப்பிலிருந்தே பிறந்தன. அவற்றைப் பிறப்பித்தோர் வெறியரும் அல்லர். மேலிருந்து வேறு கட்டளை வராமையால் முன்னைய கட்டளையின்படி நடந்த அதிகாரிகள் அவர்கள். கொடியவன் ஒருவனைக் கண்டவுடன் பார்வையாளர் மனம் ஆறிவிடுகிறது. அவன் இல்லாதிருந்தால் இம்மரணம் நிகழ்ந்திராது என்று எண்ணி வீடு செல்கிறோம். அவன் இல்லாமலே 2,700 பேருக்கு மேல் இறந்தனர் என்பதன்றோ அந்நாளின் கொடுமை!

போரின் முடிவில் நிகழும் கொலையை ஒரு தனி மனிதன்மேல் ஏற்றிக் கூறும் பெருங்காப்பியம் ஒன்று நம்மிடம் உண்டு. இங்கு அதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்படும். மகாபாரதத்திற் பதினெட்டாம் நாட் போர் முடிந்து, துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். வெற்றி யாருக்கென்பது தீர்ந்துவிட்டது. அன்றிரவு ஆலமரத்தடியில் இருந்த அசுவத்தாமன், உறங்கும் காகங்களை ஓர் ஆந்தை கொல்வதைக் காண்கிறான். அதுவே அவனுக்கு வழிகாட்டியாகிறது. பாசறையுட் புகுந்து, திட்டத்துய்மனையும் திரௌபதியின் புதல்வர் ஐவரையும் உறக்கத்திலே கொல்கிறான். வியாசர் இதற்கெனச் சௌப்திக பருவம் என்னும் தனிப் பருவத்தையே வகுத்தார். வில்லிபுத்தூரார் தம் தமிழ்ப் பாரதத்தைப் பத்துப் பருவங்களாக அமைத்தபோது அவற்றுள் இறுதியாக நின்றதும் இச்சௌப்திக பருவமே.

அசுவத்தாமன் கொடியவனாகவே காட்டப்படுகிறான். எனினும், திரைப்படத் தளபதிக்கும் அவனுக்கும் வேறுபாடு பெரிது. அவன் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவன் தந்தை துரோணர், மகன் இறந்தான் என்று கருதுமாறு கூறப்பட்ட சொல்லைக் கேட்டு, படைக்கலத்தைத் துறந்திருந்தபோது வெட்டப்பட்டார். அச்சொல்லைக் கூறியவன் தருமன், வெட்டியவன் திட்டத்துய்மன். ஆகவே, இறுதி இரவின் கொலை வெற்றி பெற்றோரின் பழைய செயலொன்றிலிருந்தே முளைக்கிறது. காப்பியம் கொலையாளியை மன்னிக்கவில்லை. ஆயினும் அவனோடு குற்றத்தை நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பதினெட்டு நாளும் நடந்தவற்றை அவ்விரவின் இருளில் நின்று திரும்பிப் பார்க்கச் செய்கிறது. இறுதி நாள் வன்முறை முந்திய நாட்களின் வன்முறைக்கு ஓர் உரைகல் என்பதை வியாசர் அறிந்திருந்தார். நவீன போரில் அசுவத்தாமனின் இடத்தில் நிற்பது கோபமுமன்று. கடிகாரமும் கட்டளைத்தாளும் நிற்கின்றன. அதனாலேதான் அதனைக் காட்டும் எழுத்தாளரின் பணி வியாசரின் பணியினும் ஒருவகையில் அரிதாயிற்று.

இனி ஓவனிடம் மீள்வோம். அவர் பெற்றோருக்கு வந்த தந்தியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பாடல்களை மாத்திரம் கொண்டு அவரை அறிய முயல்வோம். அவர் கையாண்ட இயைபு முறை ஆங்கில யாப்பிற் குறிப்பிடத்தக்கது. அடியிறுதிச் சொற்களில் உயிரும் அதன்பின் வரும் மெய்யும் ஒத்து ஒலிப்பதே அம்மொழியிற் பெருவழக்கு. ஓவனோ சொல்லின் முதன்மெய்யையும் இறுதிமெய்யையும் நிறுத்தி, இடையிலுள்ள உயிரை மாற்றிவிடுகிறார். தமிழில் ஓரடி ‘கல்’ என்று முடிய, அடுத்த அடி ‘கோல்’ என்று முடிந்தாற் போல்வது அது. செவி ஒரு நிறைவை எதிர்பார்க்கிறது. நிறைவு அண்மையில் வந்து தவறிவிடுகிறது. பாடல் முழுவதும் இவ்வாறு தவறிக்கொண்டே செல்லும்போது, கவிஞர் இறந்த திகதியை அறியாத வாசகனும் ஏதோ ஒன்று பொருந்தாமல் நிற்பதை உணர்கிறான். இவ்வுணர்வை அவன் நெஞ்சில் எழுப்பப் பாடலின் ஓசை ஒன்றே போதும்.

இம்முறையைச் சிறப்பாகக் கையாண்ட பாடல் ‘விசித்திர சந்திப்பு’ என்று தமிழிற் கூறத்தக்கது. போர்க்களத்திலிருந்து தப்பிய வீரனொருவன் ஆழ்ந்த சுரங்கமொன்றினுள் இறங்குகிறான். அங்கே கிடப்போருள் ஒருவன் எழுந்து அவனை அடையாளங் காண்கிறான். தான் நரகில் நிற்பதை வந்தவன் அம்முகத்தைக் கண்டே அறிந்துகொள்கிறான். எழுந்தவன் தான் வாழாது போன வாழ்வையும், கூறாது போன உண்மையையும் பற்றிப் பேசுகிறான். இறுதியில், தான் யார் என்பதை வெளியிடுகிறான்: வந்தவன் நேற்றுக் கொன்ற பகைவன் அவன். பாடல் நிறைவுறாதது போல, உறக்கத்தை நோக்கி நின்றுவிடுகிறது.

இங்கு வரும் காலக்குறிப்பை நோக்குக. ‘நேற்று’ என்பது ஒன்றே பாடலில் உள்ள நாட்கணக்கு. அது கொலை நிகழ்ந்த கணத்திலிருந்து எண்ணப்படுகிறது. போர் ஓய எத்தனை நாள் என்ற கணக்கு பாடலில் இல்லை. கொன்று எத்தனை நாள் என்ற கணக்கே உண்டு. நாம் ஓவனின் மரணத்தை எண்ணுவது போர்நிறுத்தத்தை நோக்கி. ஓவன் மரணத்தை எண்ணியது கொன்ற கையிலிருந்து. இவ்விரு நாட்காட்டிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணராது அவர் பாடலை விளக்குவது வீண்.

இதற்கு அவர் வாழ்விலேயே கடுமையான சான்று உண்டு. போர் அதிர்ச்சியால் நோயுற்று, ஸ்கொட்லாந்தின் இராணுவ மருத்துவமனையில் 1917இல் இருந்தபோது சசூன் என்னும் கவிஞரின் நட்பைப் பெற்ற ஓவன், 1918ஆம் ஆண்டு ஓகஸ்ட் முடிவில் மீண்டும் பிரான்சு சென்றார். ஒக்டோபர் தொடக்கத்தில் ஜொன்கூர் என்னும் ஊரருகே நிகழ்ந்த தாக்குதலில் அவர் காட்டிய வீரத்துக்காக இராணுவச் சிலுவை விருது வழங்கப்பட்டது. பகைவரிடமிருந்து கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியைத் தாமே இயக்கிப் பகைவருக்குப் பேரிழப்பை விளைத்தார் என்று விருதுக்குரிய குறிப்புக் கூறுகிறது. ‘விசித்திர சந்திப்பு’ இதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே, எழுதியவர் தாம் எழுதியதன் பொருளைப் பின்னர் தம் கையாலும் அறிய நேர்ந்தது.

அத்துப்பாக்கியின் முன் வீழ்ந்த ஜேர்மன் வீரரும் இறுதி நாட்களில் இறந்தவரே. போர் ஓய அப்போது ஆறு வாரம் இருந்தது. அவர் வீடுகளுக்கும் செய்தி சென்றிருக்கும். ஆனால் எந்த மணியும் அதனோடு சேர்ந்து ஒலிக்கவில்லை. தந்திக் கதையால் நெகிழ்ந்த வகுப்பறையில் இவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கு இடமளித்தவர் ஓவன் ஒருவரே; சுரங்கத்தினுள் எழுந்து பேசுபவன் அவர்களுள் ஒருவனாக இருக்கலாம். கவிஞரை ஏழு நாளாற் பிழைக்கத் தவறிய அப்பாவியாக்கி, அவருக்காக அழுவது, அவர் பாடிய பொருளுக்கே மாறானது. அவர் தம்மை அப்பாவியாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஓவன் தம் தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதம் 1918 ஒக்டோபர் 31ஆந் திகதிக்குரியது. ஓர்ஸ் அருகே காட்டுக்காவலர் வீட்டின் நிலவறையில், புகையின் நடுவே, தோழரோடு நெருங்கியிருந்து எழுதியது அது. நகைச்சுவையும் தோழமையும் அதிலே நிரம்பியுள்ளன. நாம் அதனைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நான்காந் திகதியைக் காண்கிறோம், அவர் காணவில்லை. முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் இப்பழக்கம் திறனாய்வாளருக்கு ஒரு சோதனை. முடிவை அறிந்திருத்தல் தவிர்க்க முடியாததே. எனினும், எழுதியவர் அறியாததை எழுத்தினுட் புகுத்தி, அங்கே கண்டதாகக் கூறல் முறையன்று.

பெல்ஜியத்தின் மொன்ஸ் நகரருகே சென் சிம்போரியன் என்னும் இடத்தில் ஒரு போர்வீரர் மயானம் உண்டு. ஜேர்மனியரால் அமைக்கப்பட்ட அம்மயானத்தில் இருநாட்டு வீரரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். அம்மகாயுத்தத்தில் முதலில் இறந்த பிரித்தானிய வீரர் எனக் கருதப்படும் ஜோன் பார் அங்கே உள்ளார். அவர் இறந்தது 1914 ஓகஸ்ட். போரிலே கடைசியாக இறந்த பிரித்தானிய வீரர் எனக் கருதப்படும் ஜோர்ஜ் எலிசனும் அங்கேயே உள்ளார். அவர் இறந்தது 1918 நவம்பர் 11ஆந் திகதி, 11 மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் முன்னர். இருவர் கல்லறைகளும் சில அடித் தூரத்தில் எதிரெதிரே அமைந்துள்ளன. எவரும் திட்டமிட்டு அவ்வாறு அமைக்கவில்லை என்பர். நான்கு ஆண்டுப் போருக்குப் பின்னர் பிரித்தானியப் படை தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றமையின் விளைவு அது.

எலிசனின் கல்லருகே நிற்பவர் ‘ஒன்றரை மணித்தியாலம்’ என்று எண்ணி இரங்குவர். பாரின் கல்லருகே நிற்கும்போது அவ்வாறு எண்ணுதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கற்கள் இரண்டும் ஒரே அளவின. கல்லைச் செதுக்கியோர் நம்மினும் நேர்மையாக நடந்துகொண்டனர் எனலாம். இறுதியாக இறந்தவனின் மரணம் வீணென்று நமக்கு உடனே விளங்குகிறது. கடிகாரம் அதனைக் காட்டிவிடுகிறது. அவ்விளக்கத்தைக் கையிற் கொண்டு எதிரேயுள்ள கல்லை நோக்கித் திரும்புவதே நாம் செய்ய வேண்டியது. இறுதி மரணத்தின்மேல் நம் இரக்கம் நின்றுவிடுமாயின் அது வெறும் வியப்பு. அதிலிருந்து முதல் மரணம் வரை நடந்து செல்லுமாயின் அதுவே அறிவு. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில் இறந்தவனுக்காக இரங்குவோர், அவன் போரின் எந்நாளில் இறந்தான் என்று கணக்கிட்டு இரங்கவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இப்போது ஓவனைக் கற்பிக்கும் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டுள்ளேன். தந்தியோடு தொடங்குவதில்லை. ‘விசித்திர சந்திப்பு’ என்னும் பாடலை முதலில் இருமுறை உரத்து வாசிக்கிறேன். இயைபு தவறும் இடங்களை மாணாக்கரே கண்டு கூறுகின்றனர். பின்னர் ஜொன்கூர், அதன்பின் கால்வாய். தந்தியைப் பாடத்தின் கடைசியிற் கூறுகிறேன், கூற வேண்டிய செய்தியாகையால். அப்போது வகுப்பு முன்போல் உடனே அமைதியுறுவதில்லை, கேள்விகள் எழுகின்றன. ஆறு மணித்தியாலம் ஏன் என்று ஒருவர் கேட்கிறார். அவர் சுட்டவர்களுக்குப் பெயர் இல்லையா என்று இன்னொருவர் கேட்கிறார்.

முதல் வினாவை எழுப்பிய மாணவர் இக்கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். இவ்விதழ் அவர் கைக்கு எட்டுமாயின் என் விடை இது: ஒரு வருடம் முந்தி இறந்திருந்தால் நாம் அவருக்காக இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டோம். அது நம் பிழை. அப்பிழையை எனக்கு உணர்த்தியவர் நீர்.